எட்டு மடங்கா, பத்து மடங்கா? கரையிலிருந்து ஓங்கில் பார்க்க ஒரு பைனாகுலர்

குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் கரையில் நின்று ஓங்கில் (டால்பின்) பார்க்க இப்போது என்னிடம் இருப்பது 8×42 பைனாகுலர். அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் அகலம் 42 மில்லிமீட்டர். அதற்கு முன்பு ஐந்து ஆண்டுகள் 10×50 வைத்திருந்தேன். நண்பர் ஒருவரின் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கியிலும் முட்டம் பாறைமேல் சில காலைகள் பார்த்திருக்கிறேன். நீரோடியிலிருந்து முட்டம் வரை எந்தக் கரையில் இருப்பவர் கேட்டாலும், தண்ணீர் புகாத 8×42 வாங்குங்கள் என்றே சொல்வேன். முதற்காரணம் நம் உப்புக்காற்று.

படகில் போய்ப் பார்க்கலாமே என்பார்கள். ஒருமுறை குடும்பத்தோடு கேரள எல்லைக்கு அப்பால், ஆறு கடலில் சேரும் ஒரு பொழிமுகத்தில் படகு எடுத்தோம். தாயும் குட்டியுமாக இரண்டு ஓங்கில்கள் தெரிந்ததும் ஓட்டியவர் இன்ஜினை முறுக்கி அவற்றைச் சுற்றி வட்டமடித்தார். தாய் ஒரு பக்கம் மூழ்கியது, குட்டி மறுபக்கம் எழுந்தது. என் மகள் அழுதுவிட்டாள். அன்றோடு படகை விட்டுவிட்டேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் சுற்றுலாப் படகு நிறுவனங்கள் ஒன்றிலிருந்து இரண்டானபோது, அப்பகுதியில் ஓங்கில்கள் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓங்கில் இருக்கிறது. அதைத் துரத்துவது பொழுதுபோக்காக இருக்க முடியாது.

இனிக் கணக்கு. ஆஸ்திரேலிய வழிகாட்டுதலில் படகு ஓங்கிலை 50 மீட்டரைவிட அருகில் நெருங்கக்கூடாது. எட்டு மடங்கு பைனாகுலரில் 400 மீட்டர் தொலைவில் இருப்பது 50 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். அந்த விதிப்படி நடக்கும் ஒரு படகு காட்டக்கூடிய அதே காட்சியை, மணலில் நின்றபடி, அந்த உயிருக்குத் தெரியாமலேயே பார்த்துவிடலாம். நம் கரையோரம் வரும் கூனல் முதுகு ஓங்கில் பெரும்பாலும் 25 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள கரையோரக் கடலிலேயே திரிவதால் இது நடக்கிறது. முதலில் நீண்ட மூக்கு எழும், பிறகு ஈய நிற முதுகு, அதன் நடுவில் மேடு, மேட்டின் மேல் சின்னத் துடுப்பு. மொத்தம் இரண்டு நொடி.

அந்த இரண்டு நொடிக்காகத்தான் பத்து மடங்கு வேண்டாம் என்கிறேன். பத்தில் கை நடுக்கமும் பத்து மடங்காகும். கடற்காற்றில் நின்று பார்ப்பவருக்கு அது பெரிய தொல்லை. 50 மில்லிமீட்டர் வில்லை கூடுதல் வெளிச்சம் தரும் என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். 50ஐப் பத்தால் வகுத்தால் 5, 42ஐ எட்டால் வகுத்தால் 5.25. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம், மில்லிமீட்டரில், இதுதான். 8×42இல்தான் அது சற்று அதிகம். கழுத்தில் தொங்கும் எடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது பராமரிப்பு. என் 10×50 தண்ணீர் புகும் பழைய வகை. இரண்டாவது எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) முடிந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள் வில்லையில் சிலந்திவலைபோல் பூஞ்சை. தோல் உறையில் போட்டு அலமாரியில் வைத்தது என் தவறு. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதுவே சோறு. பூஞ்சை கசியும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரித்துவிடும். சுத்தம் செய்யக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது இடக்குழலும் வலக்குழலும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் பார்த்தால் தலைவலி. அதற்குப் பிறகு அதை யாரும் விலைக்கும் கேட்கவில்லை.

புதியதில் ரப்பர் வளையங்களால் அடைத்து உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருக்கிறார்கள். ஈரம் உள்ளே புக வழியில்லை, உள்ளே பனி படிவதில்லை. அதைவிடப் பெரிய நன்மை, குழாய்த் தண்ணீரில் காட்டலாம் என்பது. கடற்கரையில் அரை மணி நின்றாலே வில்லைமேல் உப்புப் பொடி படிந்துவிடும். அதை வேட்டி நுனியால் துடைப்பது மணல்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், பிறகுதான் துணி. தண்ணீர் புகும் கருவியில் இதைச் செய்யவே முடியாது. நம் கரையில் இந்த ஒன்றே முடிவைச் சொல்லிவிடுகிறது. காய்ந்ததும் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு உண்டு. அதைச் சமையல் வாணலியில் வறுத்து உலர்த்தாதீர்கள்.

ஸ்கோப் அருமையான கருவிதான். முட்டம் பாறைபோல உயரமான இடத்தில், முக்காலி ஊன்றி, தொலைவில் ஏற்கெனவே கண்ட கூட்டத்தை எண்ணுவதற்கு அதற்கு இணையில்லை. ஆனால் 1,000 மீட்டர் தொலைவில் என் பைனாகுலர் சுமார் 130 மீட்டர் அகலக் கடலைக் காட்டும். இருபது மடங்கு ஸ்கோப்பில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தெரியாது. ஓங்கில் அடுத்து எங்கே எழும் என்று தேடுவதற்குள் அது மூழ்கிவிடும். நான் அதைச் சில காலைகளே கையாண்டிருக்கிறேன். பழகியவர்கள் வேறுவிதமாகச் சொல்லலாம். என் 8×42 கூட இதுவரை மூன்று எடவப்பாதியைத்தான் கடந்திருக்கிறது. பத்து ஆண்டு தாங்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

போன மாசியில் கரமடி (கரைவலை) இழுத்து முடித்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "சாளை வந்தால் அதுவும் வரும், மக்களே. நாம் போய்த் தேட வேண்டாம்" என்றார். சொல்லி வைத்தாற்போல் அலை உடையும் இடத்துக்கு அப்பால் இரண்டு முதுகுகள். பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் திருப்பித் தரவில்லை.

"குட்டி தாயை விடாமல் ஒட்டிக்கொண்டே போகிறது" என்றார்.

அவர் விரலெல்லாம் வலை உப்பு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் குழாயடியில் காட்டினேன்.