கம்பெனி தள்ளாடுகிறது, லோட்டஸ் வாங்கலாமா? எலீஸ், எமிரா, எலெட்ரா: ஒரு சிங்கப்பூர்க் கணக்கு

பிரிட்டனின் லோட்டஸ் கம்பெனி செய்யும் எமிரா ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கப் போகிறவர்கள் இப்போது வேகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "கம்பெனி இருக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. லட்சக்கணக்கில் வெள்ளி போடுகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

நிலவரம் இது. லோட்டஸ் டெக்னாலஜி 2024 பிப்ரவரியில் நாஸ்டாக் சந்தைக்கு வந்தது. அந்த ஆண்டுக்கு 26,000 வண்டி என்று முதலில் இலக்கு வைத்தார்கள். பிறகு அதைப் பாதிக்கும் கீழே இறக்கி, கடைசியில் 12,000-க்குச் சற்று மேல் விற்றார்கள். 2025-இன் முதல் ஆறு மாதங்களில் 3,000-ஐக்கூட எட்டவில்லை. சீனாவின் வூஹானில் செய்யும் மின்வாகனங்களுக்கு அமெரிக்கா 100 விழுக்காடு வரி போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் வழக்கமான 10 விழுக்காட்டுக்கு மேல், லோட்டஸின் உரிமையாளரான சீனாவின் ஜீலி குழுமத்துக்கு இன்னொரு 18.8 விழுக்காடு சேர்த்தது. 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் கார்களுக்கும் அமெரிக்கா 25 விழுக்காடு வரி போட, இங்கிலாந்தின் ஹெத்தலில் எமிரா செய்யும் வரிசை மே மாதம் நின்றது. பின்னர் அந்த வரி ஓர் ஒதுக்கீட்டு அளவுக்குள் 10 விழுக்காடாக இறங்கியது. ஆனாலும் ஆகஸ்டில் 550 பேர்வரை ஆட்குறைப்பு என்று அறிவிப்பு வந்தது. 2028-க்குள் முழுக்க மின்சாரம் என்ற சபதத்தையும் கைவிட்டு, ஹைபிரிட் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

இந்தக் கம்பெனிக்கு இழுபறி புதிதல்ல. 1986-இல் ஜெனரல் மோட்டார்ஸ், 1993-இல் இத்தாலியத் தொழிலதிபர் ரொமானோ ஆர்டியோலி, 1996-இல் நம் பக்கத்து வீட்டு மலேசியாவின் புரோட்டான், 2017-இல் ஜீலி என்று கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் பெயர் அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை, யாராவது வாங்குவார்கள். வாங்குகிறவர் பழைய வண்டிகளுக்குச் சாமான் செய்வாரா என்பதுதான் கவலை. அங்கேதான் லோட்டஸின் ஒவ்வொரு மாடலுக்கும் தலையெழுத்து வேறு. வண்டிக்குள் யாருடைய சாமான் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

முதலில் 2004 முதல் 2011 வரையிலான டொயோட்டா எஞ்சின் எலீஸ், எக்சீஜ். சிங்கப்பூரில் இப்போது ஓடுபவை எல்லாம் சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், புதுப்பித்தவை. பலவற்றின் உள்ளே இருப்பது 1.8 லிட்டர் 2இசட்இசட் எஞ்சின், டொயோட்டா செலிக்காவில் வந்த அதே எஞ்சின். ஆறு கியர் பெட்டியும் டொயோட்டாதான். எண்ணெய் வடிகட்டி அந்தக் காலத்து கொரோலா ஆல்டிஸுக்குப் போடுவதே. வாட்டர் பம்ப், பிளக், சென்சார், கிளட்ச் எதற்கும் லோட்டஸ் வாசலில் நிற்க வேண்டியதில்லை. சின் மிங், காக்கி புக்கிட் சாமான் கடைகளிலோ ஜப்பான் பட்டியலிலோ எண்ணைச் சொன்னால் வரும். இதற்கு முந்தைய எலீஸில் ரோவர் எஞ்சின் இருந்தது. ரோவர் 2005-இல் மூழ்கியது. அந்த எஞ்சினுக்கு ஹெட் கேஸ்கெட் இன்றும் விற்கிறார்கள். லட்சக்கணக்கில் செய்த எஞ்சினுக்குச் சாமான் செய்ய எப்போதும் ஆள் இருக்கும்.

எலீஸில் எது கெடும்? ரேடியேட்டர்தான் முதலில். அலுமினிய மையத்தின் இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி வைத்து மடித்து இறுக்கியிருப்பார்கள். நம் ஊர்ச் சூட்டில் அந்த மடிப்பில் கசியும். முன்பக்க வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பை ஒட்டி இளஞ்சிவப்புக் கறை காய்ந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். சாமான் விலை பெரிதல்ல, கூலிதான் பெரிது. ரேடியேட்டரைத் தொட முன்பக்க உடம்பு முழுவதையும், பட்டறைக்காரர்கள் கிளாம் என்று சொல்லும் ஒற்றை ஃபைபர் ஓட்டை, கழற்ற வேண்டும். ஒரு நாள் வேலை. கழற்றிய கையோடு ஏர்கான் புளோவரின் ரெசிஸ்டரையும் மாற்றிவிடுங்கள். ஃபேன் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது என்றால் குற்றவாளி அதுதான். முழு அலுமினிய ரேடியேட்டர் போட்டால் இந்தத் தலைவலி திரும்ப வராது. குளிர்நீர் மாற்றிய பிறகு காற்றை ஒழுங்காக வெளியேற்றாவிட்டால், ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் இருக்கும் இந்த வண்டியில் நீண்ட குழாய்களுக்குள் காற்றடைத்து, சிக்னலில் நிற்கும்போது முள் ஏறும்.

இரண்டாவது, பின் சக்கரத்தின் டோ லிங்க், அதாவது சக்கரத்தை நேராகப் பிடித்து நிறுத்தும் தண்டு. உட்புறப் பந்து மூட்டு ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும் ஒற்றைத் தண்டில் நிற்கிறது. தேய்ந்து முறிந்தால் பின் சக்கரம் தானாகத் திரும்பிவிடும். விரைவுச்சாலையில் அது நடந்தால் கையில் ஒன்றும் இல்லை. வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மூன்று மணி, ஒன்பது மணி நிலையில் பிடித்து ஆட்டுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் இரு பக்கமும் தாங்கும் மாற்றுத் தொகுப்பு போட வேண்டும். சிப்பாங் ஓட்டப் பாதைக்குப் போன வண்டி என்றால் ஆட்டம் இல்லாவிட்டாலும் போடுங்கள்.

மூன்றாவது, எஞ்சினின் இரண்டாம் கேம், உயர் சுற்றில் வால்வுகளை இன்னும் அகலத் திறக்கும் பகுதி. நிமிடத்துக்கு 6,200 சுற்றில் சத்தம் மாறி வண்டி பாய வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு இரண்டாம் கியரில் ஒரே மிதி. 90 கிலோமீட்டர் வரம்புக்குள்ளேயே சோதிக்கலாம். பாயவில்லையென்றால் எண்ணெய் குறைவு, எண்ணெய் வால்வின் சின்னச் சல்லடை அடைப்பு, அல்லது முதல் தலைமுறை எஞ்சின்களில் முறியும் ராக்கர் போல்ட். முதலிரண்டும் சின்ன வேலை. மூன்றாவதில் கேமும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது செலவு கூடும். முன்பு யாராவது மூன்றிலிருந்து நான்குக்குப் போவதற்குப் பதில் இரண்டில் போட்டு எஞ்சினை அளவு மீறிச் சுழற்றியிருந்தால் ஆயில் பம்ப் பல்சக்கரமும் நொறுங்கும். எஞ்சின் கணினியில் எந்தெந்தச் சுற்றில் எவ்வளவு நேரம் ஓடியது என்ற பதிவு இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த பட்டறையில் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடித்தட்டு, ஒட்டிச் சேர்த்த அலுமினியம், துருப்பிடிக்காது. ஆனால் விபத்தில் வளைந்தால் இழுத்து நிமிர்த்த முடியாது. ஓரத்தில் கையை ஓட்டிப் பாருங்கள், பட்டறையில் தவறான இடத்தில் ஜாக் வைத்த பள்ளம் தட்டுப்படும். ஃபைபர் ஓட்டில் நட்சத்திர வெடிப்பு இருந்தால் அந்த இடம் எதிலோ இடித்திருக்கிறது. அதைப் படகு, மோட்டார்சைக்கிள் ஃபேரிங் பழுதுபார்ப்பவர்கள்கூட நன்றாகச் செய்வார்கள். முழு ஓடு வாங்க வேண்டி வந்தால்தான் கம்பெனியின் உயிர் நம்மைப் பாதிக்கும். விளக்கு, கதவுக் கண்ணாடி, முன் ஓடு ஆகிய மூன்றும் டொயோட்டா கடையில் கிடைக்காது. இங்கிலாந்தில் எலீஸுக்கென்றே இருக்கும் தனிக் கடைகள் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தருகின்றன. கப்பல் கூலியும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும், அவ்வளவுதான்.

டயர் ஒரு சின்ன எரிச்சல். முன்னால் 175/55 ஆர்16, பின்னால் 225/45 ஆர்17. முன் அளவு யாரும் வைத்திருப்பதில்லை; சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். பேட்டரியையும் மறக்காதீர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பலமாடிக் கார் நிறுத்தத்தில் சார்ஜர் மாட்ட இடமில்லை. இரண்டு மூன்று வாரம் அசையாமல் நின்றால் அலாரமே பேட்டரியைக் குடித்துவிடும். துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

எமிரா வேறு சாதி. 2021-இல் அறிமுகமானது, எஞ்சின் இரண்டு வகை. 3.5 லிட்டர் வி6 சூப்பர்சார்ஜர், 400 குதிரைத் திறன். ஆறு கியர் மேனுவலும் உண்டு. இந்த எஞ்சினின் அடிப்படை டொயோட்டா 2ஜிஆர். ஆர்ச்சர்ட் ஹோட்டல் வாசல்களில் நிற்கும் ஆல்ஃபார்ட் 3.5 நினைவிருக்கிறதா? அதே குடும்பம். சூப்பர்சார்ஜரைக் கழித்துப் பார்த்தால் பழுதுபார்க்க ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. இன்னொன்று மெர்சிடிஸின் ஏஎம்ஜி பிரிவு செய்யும் 2 லிட்டர் டர்போ, எட்டு கியர் இரட்டைக் கிளட்ச். நகரத்துக்கு இது சுகம்தான். ஆனால் கியர் பெட்டிக்கும் எஞ்சின் கணினிக்கும் இடையே லோட்டஸ் எழுதிய மென்பொருள் இருக்கிறது. மெர்சிடிஸ் பட்டறைக்குப் போய் "உங்கள் எஞ்சின்தானே" என்றால் வேலைக்கு ஆகாது. இரண்டில் ஒன்று என்றால் வி6 மேனுவல், யோசிக்காமல்.

ஓட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டியரிங் இன்னும் ஹைட்ராலிக். இந்தக் காலத்தில் அரிது. டூர் சஸ்பென்ஷன் எடுங்கள். ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷனோடு கார் நிறுத்தங்களின் மேடுகளைக் கடப்பது தண்டனை. எஞ்சினுக்குப் பின்னால் 151 லிட்டர் இடம், இருக்கைக்குப் பின்னால் 208 லிட்டர். முஸ்தஃபா சென்டரில் ஒரு வாரச் சாமான் வாங்கி வரலாம். எஞ்சினை ஒட்டிய பெட்டியில் மட்டும் ஐஸ்கிரீமை வைக்காதீர்கள். 12.3 அங்குல முகப்புத் திரை, 10.25 அங்குல நடுத்திரை, மின்சாரக் கைபிரேக், எல்இடி முன்விளக்கு: கம்பெனி நின்றால் முதலில் அருகிப் போகும் சாமான்கள் இவைதான். எலீஸில் இவற்றில் ஒன்றுமே இல்லை.

எலெட்ரா, எமெயா என்ற மின்வாகனங்கள் பற்றி நீட்ட வேண்டாம். வேகமான வண்டிகள், உள்ளே சொகுசு, 800 வோல்ட் மின்னேற்றம். ஆனால் கதவுக் கைப்பிடி முதல் சஸ்பென்ஷன் வரை மென்பொருளை நம்பி நிற்பவை. ஜீலியின் கீழ் வால்வோ, ஸீக்கர் எல்லாம் இருப்பதால் அநாதையாக விடமாட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு, இருக்கலாம். அந்த நம்பிக்கைக்குச் சொந்தப் பணத்தைப் போடாதீர்கள். வேண்டுமென்றால் குத்தகைக்கு எடுங்கள்.

இனிப் பணம். நம் ஊர் வரி அமைப்பு இந்த விஷயத்தில் விசித்திரமாக வேலை செய்கிறது. ஒரு வண்டியின் திறந்த சந்தை மதிப்பு, அதாவது இங்கே வந்திறங்கும் விலை, 100,000 வெள்ளி என்று வையுங்கள். சுங்கத் தீர்வை 20,000. இரண்டின் மேலும் பொருள் சேவை வரி 10,800. கூடுதல் பதிவுக் கட்டணம் படிப்படியாக ஏறி (20,000, 28,000, 38,000, 50,000, கடைசி இருபதாயிரத்துக்கு 320 விழுக்காடு வீதம் 64,000) சரியாக 200,000. சிஓஇக்கும் விற்பனையாளர் லாபத்துக்கும் முன்பே 330,800. பெரிய, சக்தி கூடிய கார்களுக்கான 'பி' பிரிவு சிஓஇ 2025 முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல்தான். அந்த 200,000 கட்டணத்தில் பத்தாண்டுக்குள் வண்டியைப் பதிவு நீக்கினால் எவ்வளவு திரும்பும்? 2023 பிப்ரவரி இரண்டாம் சிஓஇ ஏலத்திலிருந்து உச்சவரம்பு 60,000 வெள்ளி என்று வைத்தார்கள்; 2026-இல் அதையும் குறைத்துவிட்டார்கள். உங்கள் வண்டிக்கு எந்த விதி என்று பதிவுத் தேதியை வைத்து நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, மீதிப் பணம் அடுத்தவர் அந்த வண்டியை விரும்பினால் மட்டுமே வரும். லோட்டஸ் பற்றிக் கெட்ட செய்தி வரும்போதெல்லாம் அந்த விருப்பம்தான் சரியும்.

சிஓஇ புதுப்பித்த எலீஸுக்கு இந்தக் கதையே இல்லை. பழைய பதிவுக் கட்டணத் தள்ளுபடி ஏற்கெனவே போய்விட்டது. வண்டியின் அடிமட்ட மதிப்பு மிச்சமுள்ள சிஓஇ மாதங்கள்தான். அது ஹெத்தலில் விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் மாறாது. ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த வண்டியைத் தவிருங்கள், மறுபடி நீட்டிக்க முடியாது. பத்து ஆண்டுக்குப் புதுப்பித்து, ஆறு ஏழு ஆண்டு மிச்சமிருப்பதைத் தேடுங்கள். 14 ஆண்டு தாண்டிய வண்டிக்குச் சாலை வரி 50 விழுக்காடு கூடுதல், சோதனை ஆண்டுதோறும். முழுக் காப்பீடு தர மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. வாங்கும் முன்பே விலை கேட்டு வையுங்கள்.

எமிராதான் வேண்டும் என்று மனம் முடிவு செய்துவிட்டால், புதியதை விட்டு, உத்தரவாதத்தில் குறைந்தது ஒரு வருடமாவது மிச்சமுள்ள பழைய வி6 பாருங்கள். அந்த உத்தரவாதத்தை இங்கே யார் ஏற்கிறார்கள், முகவர் மாறினால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பதிவு ஏடு சிங்கப்பூர் முகவருடையதா, தனி இறக்குமதியா என்பதும் முக்கியம். தனி இறக்குமதி வண்டியை முகவர் தொடாமல் திருப்பி அனுப்பலாம். கையெழுத்துப் போடும் முன் முன்விளக்கு ஒன்றுக்கும் முன்கண்ணாடி ஒன்றுக்கும் விலையும் வரும் நாளும் கேளுங்கள். விலை எவ்வளவானாலும் போகட்டும். வரும் நாளைச் சொல்ல அவர்கள் தயங்கினால், முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.