காட்மன் 12 நிற பாக்கெட் பெட்டி: சென்னை வெயிலில் வரைபவனின் விமர்சனம்

வாட்டர்கலர் பெட்டியைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் நிறங்களைத் தாளில் கட்டம் கட்டமாகத் தடவிப் படம் எடுத்துப் போடுவார்கள். அந்தக் கட்டங்கள் எந்தப் பெட்டியிலும் அழகாகத்தான் இருக்கும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். வின்ஸர் அண்ட் நியூட்டனின் காட்மன் ஸ்கெட்சர்ஸ் பாக்கெட் பாக்ஸ், அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே கிடைத்த நேரத்தில் தெருவோரம் உட்கார்ந்து வரைகிற என்னைப் போன்ற ஆளுக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் பொருள். உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே 12 அரை பான் (காய்ந்த நிறக் கட்டி வைத்த குட்டிக் கிண்ணம்), மூடியே கலவைத் தட்டு, கூடவே ஒரு குட்டி பிரஷ். கம்பெனி 1832-இல் லண்டனில் தொடங்கிய பழைய கம்பெனி, ஆனால் காட்மன் என்பது அவர்களுடைய மாணவர் தர வரிசை. காட்மியம் மஞ்சள், காட்மியம் சிவப்பு போன்ற பெயர்களுக்குப் பின்னால் 'ஹ்யூ' என்று போட்டிருப்பார்கள்; உள்ளே காட்மியம் கிடையாது, அந்த நிறத்தை வேறு நிறமிகளை வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள். பழகுகிறவனுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்குகிற கெட்ட பழக்கம் உள்ளவர்களுக்கு ஒருவகையில் லாபம் என்றுகூடச் சொல்லலாம் (அதற்காக வாயில் வைக்காதீர்கள்).

ஒட்டகம் போட்ட கேமல் டியூப்புகளை வைத்துக்கொண்டே வாட்டர்கலர் முழுவதையும் கற்றுக்கொள்ளலாம், அதைவிட விலை கூடிய இது எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நிறத்துக்காக இதை வாங்க வேண்டியதில்லை. டியூப் என்றால் மேஜை வேண்டும், தட்டு வேண்டும், எந்த நிறத்தை எவ்வளவு பிதுக்குவது என்று யோசிக்க வேண்டும், முடிந்ததும் கழுவி வைக்க வேண்டும், இதற்கெல்லாம் நேரம் ஒதுக்குகிற நாளில் மட்டும்தான் வரைவோம், அந்த நாள் மாதத்தில் எப்போது வரும் என்று வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். பான் பெட்டி அப்படியில்லை. திற, ஒரு சொட்டுத் தண்ணீர் விடு, ஆரம்பி. டீ ஆறுவதற்குள் ஒரு சின்ன வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த நிறப் பூச்சு, போட்டுவிடலாம்.

வரைய என்ன தோன்றும் என்ற கேள்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பொழுதுபோக்காக வரைகிற பலருடைய ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்று பாருங்கள்: காலையில் இன்ஸ்டாகிராமில் மற்றவர்களின் படங்களைப் பார்ப்பது, அப்புறம் யூடியூபில் யாரோ ஒரு ஆள் வெனிஸ் நகரத்துக் கால்வாயை அரை மணி நேரத்தில் வரைவதைப் பார்ப்பது, பிறகு பின்டரெஸ்டில் 'ரெஃபரன்ஸ்' தேடுவது, மத்தியானச் சாப்பாடு, தூக்கம். உந்துதல் வரவில்லை என்று சொல்லிக்கொள்வோம். வெனிஸைப் பார்த்துப் பார்த்து நம் தெருமுனை அயர்ன் வண்டி வரையத் தகுந்ததாகவே தெரியாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். பெட்டி பையில் இருந்தால் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. பஸ் நிறுத்தத்தில் இருந்தால் பஸ் நிறுத்தம், மருத்துவமனை வாசலில் காத்திருந்தால் அந்த வாசலில் இருக்கிற இளநீர் வண்டி. ஊர்க் காட்சிகளை வரைகிறவர்களின் 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இயக்கத்தின் முதல் விதியே நேரில் பார்த்து, அந்த இடத்திலேயே வரைய வேண்டும் என்பதுதான். விதியாக எடுத்துக்கொள்ளாவிட்டாலும் சோம்பேறித்தனத்துக்கு நல்ல மருந்து.

ஆனால் நம் ஊர் வெயிலுக்கு இந்தப் பெட்டி நேராகப் பொருந்தவில்லை. மேகமும் ஈரமுமாக இருக்கும் ஊரில் கிடைக்கிற மெல்லிய சாம்பல் வெளிச்சத்துக்கு ஏற்ற நிறங்கள் என்று எனக்குப் படுகிறது. சென்னையில் மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு வானம் நீலமாகவா இருக்கிறது? வெளுத்துப்போய், ஓரத்தில் லேசாகப் பழுப்பு கலந்து நிற்கும். கோபால்ட் நீலத்தை அப்படியே போட்டால் காலண்டர் படம் ஆகிவிடும். நிறையத் தண்ணீரில் அல்ட்ராமரைன், அதில் ஒரு துளி யெல்லோ ஓக்கர், கீழே வர வர வெறும் தண்ணீர், இதுதான் எனக்குச் சரியாக வருகிறது. பச்சையும் அப்படித்தான். பெட்டியில் இருக்கிற சாப் கிரீன் ரொம்ப இனிப்பு, வேப்பமரத்துக்கும் தென்னைக்கும் ஒத்துவராது. விரிடியன் ஹ்யூ அதைவிட மோசம், ஒரு முறை பிரஷ்ஷில் ஏறிவிட்டால் பக்கத்து நிறத்தையெல்லாம் தின்றுவிடும், தாளிலும் கறையாக உட்கார்ந்துவிடும், ஈரப் பிரஷ்ஷால் துடைத்து எடுக்க முடியாது. ஆனால் அதே விரிடியனோடு பர்ன்ட் சியென்னாவைக் கலந்து பாருங்கள், தூசி படிந்த வேப்பிலை நிறம் அப்படியே வரும். அதில் கொஞ்சம் லெமன் மஞ்சள் சேர்த்தால் புதுத்துளிர்.

என் பெட்டியில் கறுப்பு கிடையாது. இதை ஒரு குறையாகச் சிலர் எழுதுகிறார்கள், எனக்கு இதுதான் இந்தப் பெட்டியிலேயே பிடித்த விஷயம். கறுப்பு இல்லாததால் நிழலைக் கலந்துதான் ஆக வேண்டும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்தால் ஒரு சாம்பல் கிடைக்கும், நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியென்னா கூடினால் சூடான சாம்பல். அல்ட்ராமரைனுக்கு இன்னொரு குணம், அதன் துகள்கள் தாளின் பள்ளங்களில் போய்ப் படியும், அதனால் காய்ந்த பிறகு சுண்ணாம்புச் சுவரின் சொரசொரப்பு தானாகவே தெரியும். நம் ஊரில் பகல் வெளிச்சம் வெளிச்சப் பக்கத்தை அடித்து வெளுத்துவிடுகிறது, அங்கே வரைய ஒன்றுமே மிஞ்சுவதில்லை. படம் முழுக்க நிழலில்தான் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் ரிப்பன் மாளிகை முன்னால் போய் நின்று பாருங்கள். 1913-இல் திறந்த கட்டடம், முழுக்க வெள்ளை. வெள்ளைக் கட்டடத்தை வெள்ளைத் தாளில் எப்படி வரைவது? கட்டடத்தை வரையவே வேண்டாம். வளைவுகளுக்குள்ளே இருக்கும் இருட்டு, நீட்டல்களுக்குக் கீழே விழும் நீலச் சாம்பல் பட்டை, இவற்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதைத் தாளாகவே விட்டுவிடுங்கள், கோபுரம் எழுந்து நிற்கும். பெட்டியில் இருக்கும் சைனீஸ் வெள்ளைக்கு அங்கே வேலையே இல்லை. பக்கத்திலேயே சென்ட்ரல் ஸ்டேஷன் சிவப்பு, அது வேறு பாடம். எழும்பூர் ஸ்டேஷனும் அதே வகை. செங்கல் நிறத்துக்குப் பர்ன்ட் சியென்னாவில் அலிஸரின் கிரிம்சன் கொஞ்சம், நிழல் பக்கத்துக்கு அதிலேயே அல்ட்ராமரைன். காலை எட்டு மணிக்கு முன்னால் அல்லது மாலை நாலரைக்கு மேல் போவது உத்தமம், நிழல் நீளமாக இருக்கும், நமக்கும் மண்டை காயாது.

கோயில் கோபுரத்தை வரையப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கபாலீசுவரர் கோயில் கோபுரத்தில் இருக்கிற ஒவ்வொரு பொம்மையின் நிறத்தையும் இந்தப் பெட்டியால் பிடிக்கப் பார்த்தால் பன்னிரண்டல்ல, நாற்பத்தெட்டு நிறம் இருந்தாலும் போதாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். ஒரு வெளிர்ப் பக்கம், ஒரு நிழல் பக்கம், இரண்டே வாஷ், கடைசியில் அங்கங்கே நாலைந்து பொட்டு சிவப்பும் பச்சையும். குளக்கரையில் உட்கார்ந்து இப்படி வரைந்துகொண்டிருந்தபோது பூக்கடை அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சாமியெல்லாம் எங்கப்பா காணோம்?" என்றார். எனக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில் இதுதான் கறாரானது.

பருவம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யூடியூப் பாடங்கள் எல்லாம் வேறு காற்றில் எடுத்தவை. அக்னி நட்சத்திரத்தில் வெளியே உட்கார்ந்தால் வாஷ் பாதியிலேயே காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளை முதலில் நனைத்துவிட்டு வேலை செய்யுங்கள், அல்லது சின்னத் தாளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேரெதிர், முதல் வாஷ் காயவே காயாது, பொறுமை இல்லாமல் இரண்டாவதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து சேறாகும். மழைக்காலத்தில் ஈரத்தின் மேல் ஈரம் வைக்கிற முறைதான் (ஈரத் தாளிலேயே ஈர நிறத்தைப் பரவவிடுவது) நல்லது, நம்மோடு காற்றும் சேர்ந்து வேலை செய்யும். பெட்டியை ஈரத்தோடு மூடி வைத்தால் பானில் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்கு வந்ததும் திறந்து மின்விசிறிக்கு அடியில் வையுங்கள்.

தாள். இங்கேதான் காசு செலவழிக்க வேண்டும், பெட்டியில் அல்ல. நல்ல பெட்டியை மலிவான தாளில் வைத்தால் நிறம் செத்துவிடும், சுமாரான நிறத்தை நல்ல பருத்தித் தாளில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். தாளின் கனம் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் தாள் அலை அலையாக வளைந்து, நிறம் பள்ளத்தில் போய்த் தேங்கும். நூறு சதவீதப் பருத்தித் தாள் விலை அதிகம்தான், முழுத் தாளாக வாங்கி நாமே எட்டாகக் கிழித்து ஒரு அட்டையில் கிளிப் போட்டுக்கொண்டால் கட்டுப்படியாகும். தினசரிப் பழக்கத்துக்கு மரக்கூழில் செய்த செல்லுலோஸ் தாள் போதும், ஆனால் நிறம் மேலேயே மிதக்கும், இரண்டாம் வாஷ் போடும்போது கீழே இருப்பது கரைந்து வரும் என்று தெரிந்துகொண்டு வரையுங்கள். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் தாளை மொத்தமாக வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். தாளில் பூசியிருக்கும் பசைப்பூச்சு நாள்பட்ட ஈரக்காற்றில் கெட்டுவிடும், அப்புறம் அது மை ஒற்றும் தாள் மாதிரி நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கடையில் எனக்கு வெகுநாளாகத் தேங்கிக் கிடந்த கட்டு ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள், பிரஷ்ஷை வைத்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக நிறம் உள்ளே இறங்கிவிட்டது. அதை இப்போது பென்சிலுக்குப் பயன்படுத்துகிறேன்.

கூட வரும் பிரஷ் ஜன்னல் கம்பி, மின்கம்பி போடுவதற்குச் சரி, வானத்துக்கு ஆகாது. 8-ஆம் எண் ரவுண்ட் பிரஷ் ஒன்று தனியாக வாங்குங்கள். பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்கிற பிரஷ் பஸ்ஸிலும் ரயிலிலும் சௌகரியம், பெரிய வாஷுக்கு அதுவும் உதவாது.

பெட்டி எவ்வளவு கையடக்கமாக இருந்தாலும், கை ஓடாத வாரங்கள் வரத்தான் செய்யும். அந்த வாரங்களில் புது நிறம் வாங்குவதைவிட அசல் ஓவியங்களைப் போய்ப் பார்ப்பது எனக்கு உதவியிருக்கிறது. ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போங்கள். சென்னை ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஓவியர்கள் தாங்களே நிலம் வாங்கி உண்டாக்கிய இடம். பத்திக் துணியும் (மெழுகு தடவிச் சாயமேற்றும் துணி) கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். பிழைப்பு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று ஓடுகிற நமக்கு அந்தக் கதையே தெம்பு. பணிக்கரும் ஆரம்பத்தில் வாட்டர்கலரில் நிலக்காட்சிகள் வரைந்தவர்தான், எழுத்தும் குறியுமான ஓவியங்கள் பிற்பாடு வந்தவை. அங்கே வாழ்ந்த கே. ராமானுஜத்தின் மைக்கோட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தபின் சில நாள் இந்தப் பெட்டியைத் திறக்கவே எனக்குப் பிடிக்கவில்லை, பேனாவோடு சுற்றினேன். மாளிகைகளும் பாம்புகளும் பின்னிப் பிணைந்த அந்தக் கனவு ஊர்களில் நிறம் இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது. கோயில் சிற்பங்களை அந்தந்த ஊருக்கே போய் உட்கார்ந்து ஆனந்த விகடனுக்கு வரைந்த சில்பியின் கோடுகளையும் பழைய இதழ்கள் கிடைத்தால் பாருங்கள், ஒரு தூணின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியும்.

சரி, யாருக்கு வேண்டாம்? ஏ3 அளவுக்கு மேல் வரைகிறவர்களுக்கு வேண்டாம், அரை பானிலிருந்து அவ்வளவு நிறத்தைத் தேய்த்து எடுப்பதற்குள் பிரஷ் தேய்ந்துவிடும். படத்தை விற்க நினைப்பவர்கள் தொழில்முறை தரத்துக்குப் போய்விடுங்கள், நிறமியின் செறிவு அங்கே அதிகம். சின்னக் குழந்தைக்குப் பரிசாகக் கொடுப்பதும் வீண், ஒரே நாளில் பன்னிரண்டும் பழுப்பாகிவிடும், அதற்குப் பெரிய வில்லைகள் உள்ள பள்ளிக்கூடப் பெட்டியே மேல்.

பான்களைக் கழற்றி மாற்றலாம் என்பதால் காலியானதும் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னாவும்தான் முதலில் தீரும். இந்த இரண்டை மட்டும் டியூபாக வாங்கி, காலி பானில் பாதி நிரப்பி, காய்ந்ததும் மீதியை நிரப்புங்கள், ஒரேயடியாக நிரப்பினால் நடுவில் வெடிக்கும். நிறத்தில் பசையும் கிளிசரினும் இருப்பதால் எறும்பு வரும் என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார், என் வீட்டில் இதுவரை வரவில்லை. தூசிக்காக ஒரு சல்லடையைக் கவிழ்த்து வைக்கிறேன். சைனீஸ் வெள்ளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இண்டிகோ நிரப்பியிருக்கிறேன், மழைக்காலத்து வானத்துக்கு.