காது இரைச்சலும் காது மெஷினும்: இரண்டரை வருஷ அனுபவம்

2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு எங்கள் கோவை, திருப்பூர் பக்கத்துத் தறிகளையெல்லாம் நிறுத்தியிருந்தோம். வீட்டை ஒட்டிய குடோனில் எனக்கு எட்டு நாடாத் தறி. பதினெட்டு வயதிலிருந்து அந்த லொடலொடப்புக்குள்ளேயே தூங்கி எழுந்தவன். தறி நின்ற மூன்றாம் நாள் ராத்திரி, ஜன்னலுக்கு வெளியே சில்வண்டு விடாமல் கத்துகிறது என்று டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லை. ஜன்னலைச் சாத்தினேன், குறையவில்லை. போர்வையைக் காதோடு இழுத்து மூடினேன், கூடிற்று.

அதற்கப்புறம் ஒரு வருஷம் வீண். சொட்டு மருந்து, பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், நரம்புக்கு என்று ஒரு மாத்திரை, ஆறு மாதம் ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை. 'நூறு நாளில் கியாரண்டி' என்று பணம் வாங்கிய இடமும் ஒன்று உண்டு. இத்தனை பேரில் ஒருவர்கூட என் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான். ஜிங்கோ, துத்தநாகம் மாதிரியான சத்து மாத்திரைகளை இதற்கு எழுதித் தர வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-லேயே சொல்லிவிட்டதைப் பின்னாடிதான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் பார்த்த ஈ.என்.டி. மருத்துவர் முதலில் கேள்விதான் கேட்டார். ஒரு காதிலா, இரண்டிலுமா? நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிறதா? தலை சுற்றுகிறதா? திடீரென்று கேட்காமல் போனதா? ஒரு காதில் மட்டும் இருந்தால் ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும், துடிப்போடு கேட்டால் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும், திடீரென்று கேட்காமல் போயிருந்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்றார். எனக்கு அப்படி எதுவும் இல்லை. காதுக் குரும்பியை எடுத்துவிட்டு, காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் அனுப்பினார்.

சத்தம் புகாத சின்ன அறை, ஹெட்போன், கையில் ஒரு பட்டன். முடிந்ததும் அந்த மேடம் வரைபடத்தைக் காட்டினார். தாழ்ந்த ஒலிகளில் கோடு நன்றாகப் போகிறது. உயர்ந்த ஒலிப் பக்கம் 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் பள்ளத்தில் விழுந்த மாதிரி இறங்கி, 8000-ல் கொஞ்சம் ஏறுகிறது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் காது பெரும்பாலும் இப்படித்தான் இருக்குமாம். வயசால் மட்டும் கெட்டால் கோடு இறங்கிக்கொண்டே போகும். அப்புறம் பலவிதச் சத்தங்களைப் போட்டு, "இதுவா சார், இதுவா?" என்று கேட்டு என் சில்வண்டைப் பிடித்தார்: 6000 ஹெர்ட்ஸ் பக்கம். எவ்வளவு பலமாம்? எனக்குக் கேட்கத் தொடங்கும் அளவுக்கு மேல் வெறும் 7 டெசிபல். வீட்டையே ரெண்டாக்கிய சத்தம் இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. பலருக்கும் அப்படித்தான் என்றார்.

அன்று அவர் கேட்ட கேள்வி ஒன்று. "எட்டுத் தறி ஓடும்போது நீங்க தூங்கறீங்க. எப்ப முழிப்பு வரும்?"

"ஒண்ணு நின்னா வரும்ங்க."

"ஏழு தறிச் சத்தம் எங்க போச்சு?"

காதுக்குள் ஒலியை வாங்கி மூளைக்குச் சேதி அனுப்பும் மயிர்ச்செல்கள் செத்துவிட்டால் மறுபடி முளைக்காது. அந்தப் பக்கமிருந்து சேதி வராததால் மூளை தானாக வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது; அந்தக் கூட்டலில் கேட்கும் இரைச்சல் இது. ஆனால் எதற்கு முழிக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்வதும் அதே மூளைதான். ஜாஸ்ட்ரெபோஃப் என்ற விஞ்ஞானி 1990-ல் இதை ஒரு கோட்பாடாகச் சொல்லி, அதிலிருந்து இரைச்சலைக் கண்டுகொள்ளாமல் விட மூளையைப் பழக்கும் ஒரு பயிற்சி முறையும் வந்திருக்கிறது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பிடிக்கும் என்று மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். இரைச்சல் எவ்வளவு தொல்லை தருகிறது என்று அளக்கும் 25 கேள்வித் தாளில் என் மதிப்பெண் 100-க்கு 62. இதில் கூட எடுத்தால் பெருமை இல்லை.

காது மெஷினுக்கு வருகிறேன். காதுக்குப் பின்னால் உட்காரும் வகை, இரண்டு காதுக்கும், உள்ளேயே மழை மாதிரி மெல்லிய ஓசை எழுப்பும் வசதியோடு. 78,000 ரூபாய், ஒரு தறியை விற்றேன். முதல் வாரம் நரகம். செய்தித்தாள் புரட்டினால் பட்டாசு, சம்சாரம் தட்டு கழுவினால் இடி. மூன்றாவது வாரம் பழகியது. பேத்தி பேசும்போது 'ச'வும் 'ஸ'வும் திரும்பி வந்தன. வெளிச்சத்தம் நிறைய உள்ளே வந்ததால் பகலில் சில்வண்டு பாதி அடங்கியது.

நான் செய்த தப்பு: மழை ஓசையைக் கூட்டி இரைச்சலை முழுசாக மூழ்கடித்தேன். ராத்திரி கழற்றியதும் அது மடை திறந்த மாதிரி வந்தது. இரண்டும் சேர்ந்து கேட்கணும், மழை ஒரு மாற்றுக் குறைவாக இருக்கணும் என்று மேடம் திருத்தினார். காதில் விழாத ஒன்றுக்கு மூளை எப்படிப் பழகும்?

குறைகளும் உண்டு. பேட்டரி 312 நம்பர் சைஸ், பழுப்பு ஸ்டிக்கர். உரித்து ஒரு நிமிஷம் காற்றாட விட்டுப் போடணும், எனக்கு ஒரு வாரம்கூட வருவதில்லை. பஞ்சுத் தூசி ஃபில்டரை அடைக்கிறது. சித்திரை வெயில் வியர்வையில் ஒரு தடவை வலது பக்கம் செத்து, சர்வீஸுக்கு அனுப்பி மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. இப்போது ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு வைக்கிறேன். குடோனுக்குள் காது மெஷின் கிடையாது, காதடைப்பான்தான். போனில் அளந்தபோது உள்ளே 97 டெசிபல் காட்டியது. ஆனால் அமைதியான வீட்டிலும் காதை அடைத்துக்கொண்டு உட்காராதீர்கள், இரைச்சல் இன்னும் பெரிசாகும்.

மனநல ஆலோசனைக்குப் போகச் சொன்னபோது, "எனக்கென்ன பைத்தியமா?" என்று நாலு மாதம் தள்ளிப்போட்டேன். மெஷினை விட எனக்கு அதிகம் கொடுத்தது அந்த எட்டு சந்திப்புகள்தான். என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது: ராத்திரி எழுந்து, இரண்டு காதையும் விரலால் அடைத்து, 'நேற்றைவிடக் கூடியிருக்கா' என்று சோதிப்பது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நோட்டில் கோடு போடச் சொன்னார் அந்த ஆலோசகர். முதல் நாள் 31. தேடித் தேடிக் கேட்டால் அது எப்படி அடங்கும்? அந்தக் கோடுகளைக் குறைப்பதுதான் வைத்தியத்தில் பாதி. மீதி, 'இனி தூக்கமே போச்சு' என்ற நினைப்பை உட்காரவைத்து விசாரிப்பது. இதற்கெனச் செய்யும் இந்த நடத்தைச் சிகிச்சைக்குத்தான் ஆய்வு ஆதாரமும் வலுவாக இருக்கிறது. காப்பியை விட்டுப் பார்த்தேன், எனக்கு வித்தியாசமே இல்லை, திரும்பக் குடிக்கிறேன். தூக்கம் கெட்ட மறுநாள் மட்டும் கட்டாயம் கூடும். படுக்கும்போது டேபிள் ஃபேன் சுவரைப் பார்த்து ஓடுகிறது.

எட்டு மாதத்தில் அந்த 25 கேள்வித் தாளில் 34 ஆனது. போன மாதம் 22.

போன வாரம் மாதாந்திர ஷட்டவுன், காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. ஏழு தறியும் ஒன்றாக நின்றதும் சில்வண்டு அதே பழைய இடத்தில் ஆரம்பித்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சம்சாரம் எட்டிப்பார்த்து, "ஏனுங்க, கேக்குதா?" என்றாள்.

"கேக்குது. அந்த ஊடை நூல் பெட்டியை இப்படித் தள்ளு."