சர்வர் திணறும்போது யாரைக் கேட்பது: ‘டபிள்யூ’, ‘பிஎஸ்’, ‘டாப்’, ‘ஏடாப்’

கோவை கணபதியில் பம்பு வடிவமைக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. 16 கோர் (கணக்குப் போடும் அலகு) உள்ள ஒரே லினக்ஸ் சர்வரை ஒன்பது பேர் பங்குபோட்டுக் கொள்கிறோம். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இம்பெல்லருக்குள் தண்ணீர் எப்படிப் பாய்கிறது என்று ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருளில் கணக்குப் போடுவதுதான் அதற்குப் பெரிய வேலை. ஒருவர் ஓட்டினால் 16 கோரும் போய்விடும். இருவர் ஓட்டினால் இருவருக்கும் பாதி வேகம்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து நின்றான். “ஏனுங்ணா, ரன் போட்டுப் பத்து நிமிசமாச்சு, மிஷின் நவுரவே மாட்டீங்குதுங்.”

நான் முதலில் அடிப்பது எப்போதும் ‘டபிள்யூ’. ஒரே எழுத்துக் கட்டளை. தலைவரியில் மிஷின் எவ்வளவு காலமாக ஓடுகிறது, உள்ளே எத்தனை பேர், கடைசி 1, 5, 15 நிமிடங்களின் லோடு ஆவரேஜ் (ஓடும், ஓடக் காத்திருக்கும் பிராசஸ்களின், அதாவது புரோகிராம்களின், சராசரி எண்ணிக்கை) எல்லாம் வந்துவிடும். கீழே லாகினுக்கு ஒரு வரி: எங்கிருந்து வந்தார், எப்போது நுழைந்தார், எவ்வளவு நேரமாகக் கீபோர்டைத் தொடவில்லை, இப்போது என்ன ஓட்டுகிறார். ‘ஹூ’ என்ற கட்டளையும் ஆட்களைக் காட்டும். ஆனால் பெயரும் நேரமும் தவிர அதிகம் சொல்லாது. ‘டபிள்யூ’ இருக்கும்போது எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

அன்று உள்ளே மூன்று பேர். இருவர் சும்மா இருந்தார்கள். கணக்கு ஓட்டியது தம்பி மட்டும். பட்டியலை மட்டும் பார்த்திருந்தால், “நீ போட்ட ரன்தான் கண்ணு மிஷினைப் பிடிச்சிருக்கு” என்று அவனையே திருப்பி அனுப்பியிருப்பேன். தலைவரிதான் தடுத்தது. 1 நிமிட லோடு 32, 15 நிமிட லோடு 24. தம்பியின் ரன் 16 பிராசஸ்தான். மீதி 16 யாருடையது? அதுவும் 15 நிமிட எண்ணே 24 இருக்கிறதென்றால், இவன் வருவதற்கு முன்பே யாரோ மிஷினை நிறைத்து வைத்திருந்தார்கள்.

‘டபிள்யூ’வின் பலவீனம் இங்கேதான். லாகின் பதிவில் இருப்பவர்களைத்தான் அது காட்டும். வெளியேறினாலும் வேலை நிற்காதிருக்க ‘நோஹப்’ போட்டு ஓட்டிவிட்டு வெளியேறியவரின் பெயர் பதிவிலிருந்து போய்விடும். அவர் விட்டுச்சென்ற பிராசஸ் போகாது. குறித்த நேரத்தில் ‘கிரான்’ தானாக எழுப்பிவிடும் வேலைகளும் அப்படித்தான். பகிர்ந்த சர்வரில் பெரும்பாலான தகராறு இந்த ஆளில்லாத பிராசஸ்களால்தான் வருகிறது என்பது என் அனுபவம்.

அடுத்து ‘டாப்’. 3 விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, அதிகம் தின்பவரை மேலே வைக்கும். 32 வரிகள், இரண்டு பெயர்கள், ஒவ்வொன்றும் ஒரு கோரில் ஏறக்குறைய 50 சதவீதம். ‘யூ’ தட்டிப் பெயரைக் கொடுத்தால் அந்த ஒருவருடையது மட்டும் நிற்கும். இரண்டாவது பெயர், உள்ளே இல்லாத சத்தியமங்கலத்து அண்ணன்.

அதே நிமிடம், பிராசஸ்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ போட்டால் எண் மாறுகிறது. அண்ணனுடைய 16 பிராசஸும் தலைக்கு 99 சதவீதம், தம்பியுடையது 50. கூட்டினால் 2,300-ஐத் தாண்டும். 16 கோருக்கு மொத்தமே 1,600தான். கணக்குப் பிழையல்ல. ‘டாப்’ காட்டுவது கடைசியாகப் புதுப்பித்ததிலிருந்து இதுவரை தின்றதை. ‘பிஎஸ்’ காட்டுவது பிராசஸ் பிறந்ததிலிருந்து வந்த சராசரியை. சனி, ஞாயிறு முழுக்கத் தனியாக ஓடியதால் அண்ணனுடையது 99-இலேயே நிற்கிறது. இதன் மறுபக்கம்தான் ஆபத்து: மூன்று நாள் தூங்கிவிட்டு இப்போதுதான் மிஷினைப் பிடித்த பிராசஸ், ‘பிஎஸ்’ஸில் 1 சதவீதம் என்று அப்பாவியாக நிற்கும். இப்போது யார் தின்கிறார்கள் என்ற கேள்விக்கு ‘பிஎஸ்’ஸை நம்பவே கூடாது. எத்தனை நேரமாக ஓடுகிறது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அன்று 2 நாள் 15 மணி என்று காட்டியது. வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணி.

‘டாப்’ போலவே இருக்கும் ‘எச்டாப்’ பார்க்க அழகு, எந்தப் பிராசஸ் எதைப் பெற்றது என்ற தாய்-பிள்ளை மரத்தையும் காட்டும். ஆனால் ஒரே பிராசஸின் உட்பிரிவுகளான த்ரெட்களைத் தனி வரியாகக் காட்டுவதால், புதியவர்கள் ஒரே மெமரியைப் பத்துமுறை கூட்டிவிட்டுப் பதறி வருகிறார்கள். பெரிய எச் தட்டினால் அவை மறைந்துவிடும்.

கொல்வதற்கு முன் கூப்பிட்டுக் கேட்பது எங்கள் வழக்கம். செவ்வாய் விடியலில் பண்ணாரியில் குண்டம் (தீமிதி). அண்ணன் ஊரில் இருந்தார். “அட, அது இன்னுமா ஓடுது? மெஷ்ஷு தப்புன்னு அன்னிக்கே தெரிஞ்சுதுங். நிறுத்த மறந்து போட்டனுங்.” அந்த இடத்திலேயே கொன்றுவிடும் 9-ஆம் சிக்னலை எடுக்காமல் 15-ஐக் கொடுத்து நிறுத்தினேன், 15 வந்தால் புரோகிராம் தன் பொருளை எடுத்துவைத்துவிட்டுக் கிளம்ப வழியிருக்கும். வேண்டும் என்று சொல்லியிருந்தால் ‘ரீநைஸ்’ போட்டு முன்னுரிமையைக் கடைசி நிலையான 19-க்கு இறக்கியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருவர் அடித்த கட்டளையின் முழு வரியையும் ‘பிஎஸ்’ காட்டும், வழக்கமான அமைப்பில் எல்லோருக்கும் காட்டும். கட்டளை வரியில் பாஸ்வேர்டு எழுதினால் ஒன்பது பேரும் படிக்கலாம். தயவுசெய்து எழுதாதீர்கள். அதே காரணத்தால், யார் எப்போது வந்தார் என்று ஆளை வேவு பார்க்க இந்தக் கட்டளைகளை யாரும் எடுப்பதை நான் விடுவதில்லை.

நடந்து முடிந்ததைக் கேட்க மேலே சொன்ன எதுவும் உதவாது. யார் வந்து போனார் என்பதை ‘லாஸ்ட்’ சொல்லும். என்ன ஓட்டினார் என்று சொல்லாது. அதற்கு ‘ஏடாப்’. பின்னணியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை மிஷின் நிலையைப் பதிந்து, நாளுக்கு ஒரு கோப்பாக வைக்கும். கோப்பைத் திறந்து சின்ன டி (t) தட்டினால் அடுத்த பதிவு, பெரிய டி (T) தட்டினால் முந்தைய பதிவு. கொஞ்சம் டிஸ்க் இடம் கேட்கும், கொடுத்துவிடலாம். அந்தத் திங்கட்கிழமை மாலையே அதைப் போட்டேன். இப்போது வாரத் தொடக்கத்தில் முதலில் திறப்பது ஞாயிற்றுக்கிழமைக் கோப்பைத்தான்.