மசோதாவைப் பின்தொடர ஒரு நல்ல தளம்: பி.ஆர்.எஸ்.

ஒரு சட்டம் வந்த பிறகு அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆனால் அது மசோதாவாக இருந்தபோது நாடாளுமன்றக் குழுவுக்குப் போனதா, அங்கே என்ன சொன்னார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு. அதைப் பார்க்க நான் எல்லோருக்கும் சொல்வது, டெல்லியில் 2005-லிருந்து இயங்கும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற ஆய்வு அமைப்பின் இணையதளத்தைத்தான். காசு கட்ட வேண்டாம், கணக்கு தொடங்க வேண்டாம், மசோதாவின் பெயரைத் தேடினால் போதும்.

மோட்டார் வாகனத் திருத்த மசோதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்து, போக்குவரத்து நிலைக்குழுவுக்கு (அந்தத் துறையின் மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்கள் குழு) போய், 2017 பிப்ரவரியில் அறிக்கை வந்து, ஏப்ரலில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவை அதைத் தெரிவுக்குழுவுக்கு (அந்த ஒரு மசோதாவுக்காக மட்டும் அமைக்கும் குழு) அனுப்பி, கடைசியில் மக்களவையின் காலம் முடிந்ததும் காலாவதியாகி, 2019-ல் புதிதாகத் தாக்கலாகி அதே வருடம் சட்டமானது. குடித்துவிட்டு ஓட்டினால் 2,000 ரூபாயாக இருந்த அபராதம் 10,000 ஆனது எல்லோருக்கும் தெரியும். 2016 மசோதாவில், விபத்தில் ஒருவர் இறந்தால் மூன்றாம் நபர் காப்பீட்டுப் பொறுப்பு (வண்டியால் பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டிலிருந்து தரும் தொகை) 10 லட்சம் ரூபாயைத் தாண்டாது என்று ஒரு வரம்பு இருந்ததும், 2019 சட்டத்தில் அது இல்லாமல் போனதும் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டவரைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு அபராதத்தைவிட இதுதான் பெரிய விஷயம். இரண்டு மசோதாக்களையும் குழு அறிக்கைகளையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்துப் படிக்க முடிவதால்தான் இது கண்ணில் படுகிறது.

இன்னொரு உதாரணம், கடற்கொள்ளைத் தடுப்பு மசோதா. அது வெளியுறவு நிலைக்குழுவுக்குப் போனது. 2019 டிசம்பரில் தாக்கலாகி, 2021 பிப்ரவரியில் அறிக்கை வந்து, 2022 டிசம்பரில் நிறைவேறியது. முதல் வடிவத்தில், கொள்ளையின்போது உயிர் போனால் மரண தண்டனை மட்டும்தான். உயிர் போகாமல் கொல்ல முயன்றாலும் அதேதான். நிறைவேறிய வடிவத்தில் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று நீதிபதிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். 2024 மார்ச்சில் நம் கடற்படை 35 சோமாலியக் கொள்ளையர்களைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தபோது கையில் இருந்தது இந்தச் சட்டம்தான்.

அப்புறம், போக்குவரத்துக் குழு மாநிலங்களவையின் கீழ் வருகிறது, வெளியுறவுக் குழு மக்களவையின் கீழ். இந்தப் பிரிவெல்லாம் தெரியாதவருக்கும் இங்கே அறிக்கை மசோதாவின் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. பெரிய வசதி.

குறை? மொழிதான். ஆங்கிலம், சுருக்கங்களுக்கு ஹிந்தி. மசோதாச் சுருக்கம் ஒன்றிரண்டு பக்கம்தான், அதைத் தமிழிலும் போட்டால் லாரி ஓட்டுநர் சங்கத்திலும் மீனவர் சங்கத்திலும் உட்கார்ந்து படிப்பார்கள். இன்னொன்று, சுருக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். குழுக் கூட்டங்கள் மூடிய அறைக்குள் நடப்பவை. உறுப்பினர்களின் மாற்றுக் கருத்துக் குறிப்புகள் மூல அறிக்கையில்தான் பின்னிணைப்பாக இருக்கும், அதையும் திறந்து பாருங்கள்.

பி.ஆர்.எஸ். கணக்குப்படி 15-ஆவது மக்களவையில் (2009-14) 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின, 17-ஆவதில் (2019-24) 16 சதவீதம்தான். அதனால் அடுத்து ஒரு மசோதா செய்தியில் அடிபட்டால், முதலில் இந்தத் தளத்தில் அதன் பக்கத்துக்குப் போய், குழுவுக்கு அனுப்பிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் எம்.பி.யிடம் ஏன் என்று கேளுங்கள்.