பிஓடி லேப்: டைட்ரேஷனா, டிஓ மீட்டரா?

பாலக்காடு, வாளையார் பக்கக் கல்லூரிகளின் சுற்றுச்சூழல் பொறியியல் லேபுக்குப் பட்ஜெட் போடும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும்: பிஓடி (கழிவுநீரின் அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தின்னும் ஆக்சிஜன் அளவு) கணக்கிட, முதல் நாளும் கடைசி நாளும் பாட்டில் நீரில் கரைந்த ஆக்சிஜனை (டிஓ) வேதிக் கரைசல் விட்டு டைட்ரேஷனில் அளப்பதா, எலெக்ட்ரோடு வைத்த மீட்டரில் அளப்பதா? நாங்கள் பி.டெக். மாணவர்களுக்கு விங்க்ளர் டைட்ரேஷனையே வைத்துக்கொண்டோம். மீட்டர் ஆராய்ச்சி மாணவர்கள் கைக்குப் போய்விட்டது.

மீட்டரின் வேகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பாட்டிலும் மிச்சம். எலெக்ட்ரோடு மாதிரியைக் கெடுக்காது, அதனால் முதல் நாள் பார்த்த பாட்டிலையே கடைசி நாளும் பார்க்கலாம். டைட்ரேஷனில் அளந்த பாட்டில் கெட்டுவிடும், அதனால் ஒவ்வொரு டைலூஷனுக்கும் (நீர்த்த மாதிரிக்கும்) இரண்டு பாட்டில் வேண்டும். ஆறு குழு, மூன்று டைலூஷன் என்றாலே 36, பிளாங்க் (மாதிரி சேர்க்காத பாட்டில்) தனி. இன்குபேட்டர் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். இந்தியத் தரநிலையான ஐஎஸ் 3025 பகுதி 44 சொல்லும் 27 டிகிரி, 3 நாள் முறையில் திங்கள் வைத்ததை வியாழன் எடுத்துவிடலாம். பங்குனி வெயிலில் 27 டிகிரிக்கும் கம்ப்ரெசர் ஓடியாக வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. லேப் வருடத்தில் சில வாரம்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் மெம்ப்ரேன் (மெல்லிய சவ்வு) வகை எலெக்ட்ரோடு பெட்டியில் கிடந்து காயும், உள்ளே எலெக்ட்ரோலைட் உப்பாகப் பூக்கும். சாக்கடை மாதிரியில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் அது மெம்ப்ரேனைத் தாண்டி உள்ளே போய் வெள்ளி ஆனோடைக் கறுக்க வைக்கும். புது மெம்ப்ரேனின் கீழ் ஒரு குமிழி சிக்கினாலும் ரீடிங் அலையும். கலக்காமல் வைத்தால், கேத்தோடே ஆக்சிஜனைத் தின்பதால், எண் இறங்கிக்கொண்டே போகும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வில்லங்கம். காற்றில் காலிபரேட் செய்தால் பழுதான எலெக்ட்ரோடும் 27 டிகிரிக்கு உரிய லிட்டருக்கு 7.97 மி.கி.யைச் சமர்த்தாகக் காட்டும். கீழ்ப்பக்கம் பூஜ்யம் தவறியிருந்தால், மூன்றாம் நாள் 2 இருக்க வேண்டிய பாட்டில் 3-க்கு மேல் காட்டும். பிஓடி குறைவாக வரும், மாணவர் ரெக்கார்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார். ஆக்சிஜனை நீக்கிவிடும் சோடியம் சல்பைட் கரைசலில் முக்கிப் பூஜ்யம் பார்த்தால் பிடித்துவிடலாம். வகுப்பு அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

டைட்ரேஷனில் தப்பு நிறமாகவே வந்து நிற்கும். 300 மி.லி. பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட் 2 மி.லி., அல்கலி-அயோடைடு-அசைடு 2 மி.லி., பிப்பெட் முனை நீருக்குள் இருக்கும்படி விட வேண்டும். பழுப்பு வண்டல் வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகவே நின்றால் தீர்ந்துவிட்டது. அந்த டைலூஷன் செல்லாது. வண்டல் பாதி பாட்டில் இறங்கியதும் இன்னொரு முறை கவிழ்த்துக் கலக்கி, மறுபடி இறங்க விட்டு, அடர் கந்தக அமிலம் 2 மி.லி. விட்டால் கரைந்து தேன் நிறமாகும். அதில் 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டில் டைட்ரேட் செய்தால், செலவாகும் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். ஏன் 200 இல்லாமல் 203? முதல் இரண்டு கரைசலும் சேர்ந்து வெளியே தள்ளிய 4 மி.லி.க்கான கணக்கு அது. வைவாவுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

நீல நிறம் தரும் ஸ்டார்ச்சை வெளிர் மஞ்சள் வரும் முன் விட்டால் முடிவுப்புள்ளி இழுக்கும். நீலம் மறைந்த கையோடு திரும்பி வந்தால் நைட்ரைட் குறுக்கிடுகிறது, அசைடு கரைசலைப் புதிதாகப் போட வேண்டும். தயோசல்பேட் நாள்பட வலு குறையும். லேப் அன்று காலை டைக்ரோமேட்டால் சரிபார்த்துவிட வேண்டும். அசைடு விஷம்: வாயால் பிப்பெட் உறிஞ்சக் கூடாது, மிச்சத்தை அமிலக் கழிவோடு சேர்க்கவும் கூடாது.

டைட்ரேஷன் தோற்கும் இடமும் உண்டு. சாயக் கழிவில் நீலம் மறைந்ததா என்றே தெரியாது. கோரையாற்றங்கரையில் நின்று ஆழத்துக்கு ஆழம் அளக்க வேண்டுமென்றால் மீட்டர்தான். மெம்ப்ரேன் இல்லாத ஒளிர்வு வகை இந்தக் குறைகள் பலவற்றைத் தாண்டியது. அதை நாங்கள் கொஞ்ச காலமே பார்த்திருப்பதால் அடித்துச் சொல்லவில்லை.

மீட்டரே வேண்டும் என்பவர்கள், பாட்டில் கழுத்தில் உட்காரும் ஸ்டிரர் வைத்த பிஓடி எலெக்ட்ரோடா என்று பார்த்து ஆர்டர் கொடுங்கள். ஆற்றுக்கு எடுத்துப்போகும் எலெக்ட்ரோடு அந்தக் கழுத்தைச் சரியாக அடைக்காது. உபரி மெம்ப்ரேன், எலெக்ட்ரோலைட்டையும் அதே பில்லில் சேர்த்துவிடுங்கள். தனியாகக் கேட்டால் அடுத்த நிதியாண்டுக்குத்தான் வரும்.