ஒரு டாலர் முன்பதிவை ஆளுக்கு 60 டாலருக்கு விற்கிறார்கள்: ஹாலேயாகலா போகிறவர்கள் கவனத்துக்கு

ஹவாயின் மாவி தீவில் உள்ள ஹாலேயாகலா எரிமலை உச்சியில் சூரிய உதயம் பார்ப்பதற்கான 'பாஸ்' என்று சொல்லி, ஒரு இணையதளத்தில் ஆளுக்கு 60 டாலர், நான்கு பேராகப் போன ஒரு குழுவிடம் 240 டாலர் வாங்கிக்கொண்டார்கள். மின்னஞ்சலில் வந்தது ஒரு பிடிஎஃப். அதில் ஒரு கியூஆர் கோடு, கீழே முன்பின் தெரியாத ஒருவரின் பெயர். விடியற்காலை நாலு மணிக்கு, அந்த உச்சி அடங்கிய தேசியப் பூங்காவின் வாயிலில் ரேஞ்சர் (பூங்காக் காவலர்) அந்தப் பெயருக்குரிய அடையாள அட்டையைக் கேட்டார். அந்தப் பெயருக்குரியவர் காரில் இல்லை. வண்டி திரும்ப வேண்டியதாயிற்று. பணத்தைக் கேட்டபோது, "பாஸ் உண்மையானது, உள்ளே விடாதது பூங்காவின் முடிவு" என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

பாஸ் உண்மையானதாகவே இருந்தாலும் பயனில்லை. 2017 பிப்ரவரியிலிருந்து, காலை 3 மணி முதல் 7 மணி வரை உச்சிப் பகுதிக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டிக்கும் முன்பதிவு கட்டாயம். அதன் விலை வண்டிக்கு ஒரு டாலர். உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் ஒரே டாலர்தான். பதிவு செய்தவர் புகைப்பட அடையாள அட்டையோடு அந்த வண்டியில் இருந்தாக வேண்டும். இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க வழியே கிடையாது. ஆகவே முன்பதிவை மட்டும் தனியாக விற்கும் எவரும் உங்களுக்குப் பயன்படாத ஒன்றைத்தான் விற்கிறார்கள். வெறும் பாஸுக்கு 'ஆளுக்கு இவ்வளவு' என்று விலை போட்டிருந்தால் அந்த இடத்திலேயே பக்கத்தை மூடிவிடலாம். பூங்காவிடம் அனுமதி பெற்ற சுற்றுலா நிறுவனங்களும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகின்றன. ஆனால் அவர்கள் தங்கள் வேனில், தங்கள் ஓட்டுநரோடு உங்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். அது நேர்மையான வியாபாரம், இந்த எச்சரிக்கை அவர்களைப் பற்றியது அல்ல. உங்கள் காரை நீங்களே ஓட்டிப் போக ஒருவர் பாஸ் விற்றால்தான் விழித்துக்கொள்ள வேண்டும்.

முன்பதிவு கிடைப்பது ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) என்ற அரசுத் தளத்தில் மட்டும். தேடுபொறியில் விளம்பரமாக மேலே வருவதை அழுத்தாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இடங்கள் இரண்டு தவணையாகத் திறக்கும்: போகும் நாளுக்கு 60 நாள் முன்பு ஒரு பங்கு, 2 நாள் முன்பு இன்னொரு பங்கு, இரண்டுமே ஹவாய் நேரம் காலை 7 மணிக்கு. பலர் சறுக்குவது இந்த நேரக் கணக்கில்தான். ஹவாயில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் ஹவாயின் 7 மணி என்பது கலிஃபோர்னியாவில் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் 9. நியூயார்க்கில் பகல் 1 அல்லது 12. இந்தியாவில் எப்போதும் இரவு 10.30. அந்தத் தளத்தில் உங்களுக்கொரு பயனர் கணக்கைத் திறந்து, அட்டை விவரத்தை முன்னாடியே சேமித்து வைத்திருங்கள். 60 நாள் தவணையில் கிடைக்காமல் போனவர்கள்தான் பெரும்பாலும் பதறிப்போய் இந்த விற்பனையாளர்களிடம் போய் விழுகிறார்கள். இரண்டாவது தவணை ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்த ஒரு டாலர் நுழைவுக் கட்டணமும் அல்ல. நுழைவுக்கு வண்டிக்கு 30 டாலர் வாயிலில் தனி, மூன்று நாள் செல்லும். பணமாக வாங்கமாட்டார்கள், அட்டை வேண்டும். ஆண்டு பாஸ் வைத்திருப்பவர்களுக்கு 30 டாலர் மிச்சம், ஆனால் உதய நேர முன்பதிவு அவர்களுக்கும் வேண்டும். 'எல்லாம் சேர்த்து' என்று சொல்லி விற்பவர்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பிவிடுகிறார்கள்.

இன்னொரு ஏமாற்று, சைக்கிள். 'உச்சியிலிருந்து கடல்வரை சைக்கிளில் இறக்கம்' என்று விளம்பரம் வரும். பூங்காவுக்குள் வணிக சைக்கிள் இறக்கத்துக்கு 2007 முதல் அனுமதி இல்லை. சவாரி தொடங்குவது எல்லைக்கு வெளியே, சுமார் 6,500 அடியில். உச்சி 10,023 அடி. மேலே உதயம் காட்டிவிட்டு வேனில் கீழே கொண்டுவந்து சைக்கிளைக் கொடுப்பார்களா, அல்லது உச்சிக்கே போகாமல் பாதியில் தொடங்குவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

வாடகைக் கார் முகப்பில் ஜீப்பும் ஃபோர் வீல் டிரைவும் இல்லாமல் ஏற முடியாது என்று சொன்னால் நம்ப வேண்டாம். சாலை உச்சிவரை தார்ச்சாலை, 1935-இல் போட்டது. சாதாரண கார் போதும்.

பணம் போனால்கூடப் போகட்டும், உயிரோடு விளையாடும் விற்பனை ஒன்று உண்டு: காலையில் ஸ்கூபா டைவ் (காற்று உருளையோடு கடலடியில் மூழ்குவது), மாலையில் எரிமலை உச்சி என்று ஒரே நாளில் கட்டித்தரும் திட்டம். டைவ் செய்த உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழ்களாகப் பிரியும். டைவுக்குப் பிறகு 24 மணி நேரம் இந்த மலையில் ஏறவே கூடாது. முதலில் மலை, மறுநாள் கடல் என்று வரிசையை மாற்றிப் போடுங்கள்.

பாதைக்கு வருவோம். மாவியின் விமான நிலையம் இருக்கும் கஹுலுயியிலிருந்து உச்சி 38 மைல். 37, 377, 378 என்ற எண்ணுள்ள சாலைகள். ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் வையுங்கள், மேற்குக் கடற்கரை விடுதிகளிலிருந்து இன்னும் கூடும். ஜிபிஎஸ்ஸில் பூங்காவின் பெயரை மட்டும் போட்டால் ஹானா பக்கமுள்ள கிபஹுலுவுக்குக் கொண்டுபோய் விடக்கூடும். அதுவும் இதே பூங்காதான், ஆனால் அங்கிருந்து உச்சிக்குச் சாலை கிடையாது. 'ஹாலேயாகலா விசிட்டர் சென்டர்' என்று போடுங்கள். அது 9,740 அடியில் இருக்கிறது. பூங்காவுக்குள் பெட்ரோலும் இல்லை, சாப்பாடும் இல்லை, வழியில் வரும் புகலானி என்ற ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆயிரம் அடிக்குச் சுமார் 3 ஃபாரன்ஹீட் டிகிரி குளிர் கூடும். கடற்கரையில் அரைக்கை சட்டையோடு கிளம்பினால் மேலே உறைநிலைக் காற்றில் நிற்க வேண்டிவரும்.

இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். ஆட்டோமேட்டிக் காரிலும் பெரும்பாலும் 'எல்' அல்லது '2' என்ற தாழ்ந்த கியர் இருக்கும். அதில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்க விடுங்கள். எரிந்த நாற்றம் வந்தாலோ பிரேக் பெடல் இளகினாலோ அகலமான ஓரத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மாடு நிற்கும், ஹவாயின் நேநே வாத்து கடக்கும், சைக்கிள் கூட்டம் வரும்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் 'சொன்ன சேவை கிடைக்கவில்லை' என்று தகராறு பதியுங்கள். அந்த பிடிஎஃப், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், விற்றவர்களின் பதில் மூன்றையும் சேருங்கள். நேரடிப் பணப் பரிமாற்றத்தில் அனுப்பியிருந்தால் மீட்பது கடினம். அட்டை வேண்டாம் என்று அவர்கள் வற்புறுத்துவதும் அதற்காகத்தான்.

வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டு நிற்கிறீர்கள் என்றால், விடுதிக்குத் திரும்பிவிட வேண்டாம். 7 மணிக்குப் பிறகு முன்பதிவு தேவையில்லை, 30 டாலர் மட்டும் கட்டி உள்ளே போகலாம். கீழே கிடக்கும் பள்ளத்தின் செம்மண் கூம்புகள் நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் நிறம் காட்டும். சூரிய அஸ்தமனத்துக்கும் முன்பதிவு கிடையாது. அதற்கு யாராவது பாஸ் விற்றால் அதுவும் மோசடிதான்.